கிறிஸ்துமஸ் 25-ஆம் தேதியோடு முடிந்துவிடுகிறதா? மூன்று ராசாக்கள் திருநாள் பற்றி ஒரு விவாதம்

வைகைக்கரை (டிசம்பர் 28, 2025)

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் 26-ஆம் தேதி காலையிலேயே பாதி வீடுகளில் ஸ்டார் இறங்கிவிட்டது. கோயில் குடில் மட்டும் இன்னும் கலையவில்லை. அடுத்த ஞாயிறு, ஜனவரி 4, திருக்காட்சிப் பெருவிழா, அதாவது மூன்று ராசாக்கள் திருநாள் (மரபுப்படி ஜனவரி 6; நாங்கள் அதை ஒட்டிய ஞாயிறில் வைக்கிறோம்). மறைக்கல்வி வகுப்பில் அதைப் பற்றிப் பேசும் பொறுப்பு எனக்கு.

சிக்கல் என்னவென்றால், குடிலில் மூன்று ராசாக்களும் ஒட்டகத்தோடு 24-ஆம் தேதி ராத்திரியே வந்து நின்றுவிட்டார்கள். மத்தேயு நற்செய்தியை எடுத்துப் பார்த்தால் அவர்கள் வந்தது தொழுவத்துக்கு இல்லை, ஒரு வீட்டுக்கு. பிறந்த ராத்திரியும் இல்லை. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைக் கொல்லச் சொன்னான் ஏரோது ராஜா என்பதிலிருந்தே இடையில் நாள் நிறையப் போயிருந்தது தெரிகிறது. மூன்று பேர் என்றும் மத்தேயு சொல்லவில்லை, ராசாக்கள் என்றும் சொல்லவில்லை.

இதையெல்லாம் சொன்னால் "அப்போ நம்ம குடில் தப்பா சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது பரவாயில்லை, சமாளித்துவிடலாம். என் கேள்வி வேறு. கிறிஸ்துமஸிலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது என்றால், 12 நாள் கழித்து இன்னொரு பெருவிழா எதற்கு? ஒருகாலத்தில் கீழைத் திருச்சபைகளில் இதுதான் பெரிய நாள். நாம் எதைத் தொலைத்திருக்கிறோம்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

நாசரேத்துக்காரன் (டிசம்பர் 28)

உங்களுக்காவது குடில் நிற்கிறது அண்ணே. எங்கள் சி.எஸ்.ஐ. சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) 25 விடியற்காலை ஆராதனை முடிந்ததும் எல்லார் கண்ணும் 31 ராத்திரிக்குப் போய்விடும். அப்புறம் வாக்குத்தத்த வசனம், புத்தாண்டுக்கு ஆளுக்கொன்றாகக் கிடைக்கும் வேத வசனம். "உங்களுக்கு என்ன வசனம் வந்தது?" என்று ஒருவரையொருவர் விசாரிப்பதிலேயே ஜனவரி முதல் வாரம் ஓடிவிடும். 6-ஆம் தேதி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இத்தனைக்கும் பழைய ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் இந்த நாளுக்கு, கிறிஸ்து புறஜாதியாருக்கு (யூதரல்லாதவர்களுக்கு) வெளிப்பட்ட நாள் என்று தலைப்பே போட்டிருக்கிறது.

நான் நினைப்பதைச் சொல்கிறேன். "நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்" என்று கிறிஸ்துமஸுக்குப் பாடுகிறோம். அந்த "நமக்கு"க்குள் யார் யார் என்ற கேள்வியை நாம் கேட்பதே இல்லை. புதுத்துணி, பிரியாணி, சென்னையிலிருந்து வரும் மகன், வளைகுடாவிலிருந்து வரும் மருமகன் என்று முழுக்க வீட்டுப் பண்டிகையாகிவிட்டது. சாஸ்திரிகள் (நீங்கள் ராசாக்கள் என்கிறவர்கள்) வந்த கதையில் ஒருவர்கூட வீட்டு ஆள் இல்லை.

மேல்வீட்டறை (டிசம்பர் 28)

சகோதரர்களுக்கு ஸ்தோத்திரம். புண்படுத்த எழுதவில்லை. இயேசு பிறந்த தேதி வேதத்தில் இல்லை. பண்டிகை கொண்டாடச் சொல்லி அப்போஸ்தலர் யாரும் கட்டளை கொடுக்கவில்லை. மாறாக, நாட்களையும் மாதங்களையும் பார்க்கிறீர்களே என்று கலாத்தியரிடம் பவுல் வருத்தப்படுகிறார். டிசம்பர் 25 ரோமரின் சூரியப் பண்டிகை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குமேல் ஜனவரி 6 வேறா? அவருடைய பிறப்பை நினைக்க வருஷத்தில் எல்லா நாளும் போதாதா?

பழைய உபதேசியார் (டிசம்பர் 28)

மேல்வீட்டறைத் தம்பிக்கு. நீங்கள் சொல்வதைச் சொன்னவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான சீர்திருத்தக்காரர்கள் கைக்கு அதிகாரம் வந்தபோது 1647-இல் கிறிஸ்துமஸையே தடை செய்தார்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் காலனியில் 1659-இலிருந்து 1681 வரை கொண்டாடினால் அபராதம். ஆகையால் உங்கள் பேச்சு புதிதல்ல, கேலிக்குரியதும் அல்ல.

சூரியப் பண்டிகை விஷயம் மட்டும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு உறுதியானது இல்லை. டிசம்பர் 25-ஐக் கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிக்கும் பழைய ஆதாரம் 354-இல் தொகுத்த ஒரு ரோமானிய நாட்காட்டி; அதிலுள்ள பட்டியல் 336-ஐச் சேர்ந்தது என்கிறார்கள். சூரியனுக்கு ரோமில் சக்கரவர்த்தி ஔரேலியன் கோயில் எடுத்தது 274-இல். யாரைப் பார்த்து யார் எடுத்தார்கள் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. இன்னொரு கணக்கும் உண்டு: இயேசு சிலுவையில் இறந்த நாள் மார்ச் 25, கருவான நாளும் அதுவே என்று பழையவர்கள் சிலர் நம்பினார்கள். அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணினால் டிசம்பர் 25. கிழக்கில் சிலர் அதே நாளை ஏப்ரல் 6 என்று வைத்தார்கள். ஒன்பது மாதம் எண்ணிப் பாருங்கள், ஜனவரி 6 வரும்.

ஜனவரி 6-க்குக் கிழக்கில் வேர் ஆழம். அந்தியோக்கியா நகரில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற திருச்சபைத் தந்தை 386-இல் பிரசங்கம் பண்ணும்போது, டிசம்பர் 25 நம் ஊருக்கு வந்து பத்து வருஷம்கூட ஆகவில்லை என்கிறார். அதாவது அதுவரை அங்கே வேறு வழக்கம். ஆர்மீனியத் திருச்சபை இன்றைக்கும் டிசம்பர் 25-ஐக் கொண்டாடுவதில்லை. அவர்களுக்குப் பிறப்பும் திருமுழுக்கும் சேர்த்து ஒரே நாள், ஜனவரி 6.

பெத்லகேமில் இதனால் ஒரு வேடிக்கை. ஒரே கோயில், மூன்று கிறிஸ்துமஸ். இலத்தீன் வழிபாட்டினர் டிசம்பர் 25. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபை பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி ஜனவரி 7. அங்குள்ள ஆர்மீனியர் தங்கள் ஜனவரி 6-ஐ அதே ஜூலியன் கணக்கில் வைப்பதால் நமக்கு அது ஜனவரி 19. தம்பி, ஸ்டார் எப்போது இறக்குவது என்று அந்த ஊர்க்காரர்கள்தான் கவலைப்பட வேண்டும்.

வாசலில் நிற்பவள் (டிசம்பர் 29)

நான் கிறிஸ்தவள் இல்லை. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்தவள், வருஷம் தவறாமல் குடில் பார்க்கப் போகிறவள். இரண்டு கேள்வி கேட்கலாமா?

ஒன்று, அந்த மூவரும் நட்சத்திரம் பார்த்து வந்தவர்கள். ஒரு ராஜா பிறந்திருக்கிறான் என்று வானத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பதற்குப் பெயர் எங்கள் வீட்டில் ஜோதிடம். ஜாதகம் பார்க்காதே என்று உங்கள் போதகர்கள் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறார்களே, பிறகு இது எப்படி?

இரண்டு, அவர்கள் வணங்கிவிட்டுத் திரும்பிப் போனார்கள். அப்புறம் மதம் மாறினார்களா?

வைகைக்கரை (டிசம்பர் 29)

வாங்கம்மா. இந்த இரண்டாவது கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. உபதேசியார் ஐயா பதில் சொல்லட்டும்.

வானம் பார்ப்பவன் (டிசம்பர் 29)

நட்சத்திரம் என்றதும் ஓடி வந்தேன். வியாழனும் சனியும் 1603-இல் நெருங்கி வந்ததைப் பார்த்த வானியல் அறிஞர் கெப்ளர் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கி.மு. 7-இல் அவை இரண்டும் மீன ராசியில் மூன்று முறை நெருங்கியிருக்கின்றன என்று காட்டினார். ஏரோது இறந்தது கி.மு. 4 என்று பெரும்பாலோர் வைப்பதால் காலமும் பொருந்துகிறது. 2020 டிசம்பர் 21 அன்று இதே இரண்டு கோள்களும் ஒட்டி நின்றதை மொட்டை மாடியில் நின்று நம்மில் பலர் பார்த்திருப்போம். வால் நட்சத்திரம் என்போரும் உண்டு. இத்தாலியில் பதுவா நகரச் சிற்றாலயத்தில் ஜொத்தோ வரைந்த ஓவியத்தில் நெருப்பு வாலோடு ஒரு நட்சத்திரம் குடிலுக்கு மேலே பறக்கும். அவர் 1301-இல் ஹாலி வால்மீனைப் பார்த்தவராக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

மேல்வீட்டறை (டிசம்பர் 29)

நட்சத்திரம் பிள்ளை இருந்த இடத்துக்கு மேல் வந்து நின்றது என்று வேதம் சொல்கிறது பிரதர். வியாழன் எந்த வீட்டுக்கு மேல் நிற்கும்?

வானம் பார்ப்பவன் (டிசம்பர் 29)

நியாயமான கேள்வி. கிறிசோஸ்தோமும் அதைத்தான் கேட்டார். வடக்கிலிருந்து தெற்கே நகர்கிறது, வேண்டும்போது மறைகிறது, ஒரு குழந்தையின் தலைக்கு மேல் இறங்கி நிற்கிறது, இது சாதாரண நட்சத்திரமே இல்லை என்பது அவர் முடிவு. என் பக்கம் இவ்வளவுதான்.

பழைய உபதேசியார் (டிசம்பர் 30)

வாசலில் நிற்கும் மகளுக்கு. முதல் கேள்வி பழைய கேள்வி. பழையவர்களுக்கே இது தொண்டையில் மாட்டிய முள். இஸ்ரவேலின் வேதம் ஜோசியத்தை எந்த இடத்திலும் மெச்சவில்லை. பாபிலோனின் நட்சத்திரம் பார்க்கிறவர்களை ஏசாயா 47 பரிகாசமே பண்ணுகிறது. அப்படிப்பட்ட ஆட்களைத்தான் மத்தேயு கொண்டுவந்து முழந்தாள்படியிட வைக்கிறார். அவர் அவர்களுக்குப் போடும் கிரேக்கச் சொல் மகோய். மகோய் என்றால் அந்தக் காலத்து வாசகனுக்குப் பாரசீகத்துப் பூசாரி, கனவுக்கு அர்த்தம் சொல்கிறவன், நட்சத்திரம் பார்க்கிறவன். மரியாதையான பேர் என்று சொல்ல முடியாது. அப்போஸ்தலர் பணி என்ற நூலில் இதே சொல் மாயவித்தைக்காரன் ஒருவனுக்கு வருகிறது.

பழைய திருச்சபைத் தந்தை அகுஸ்தீனாருடைய பதில், அந்த நட்சத்திரம் குழந்தையின் விதியை எழுதவில்லை, குழந்தைக்கு ஊழியம் செய்தது என்பது. பாப்பரசர் கிரகோரியாரும் ஏறக்குறைய இதையே சொன்னார். வாதமாகப் பார்த்தால் சரிதான். ஆனாலும் எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. கடவுள் அவர்களிடம் யூதருடைய பாஷையில் பேசவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாஷை நட்சத்திரம். அதிலேயே பேசினார். மீனவனிடம் மீனைக் கொண்டு பேசினார், இவர்களிடம் வானத்தைக் கொண்டு பேசினார். அதற்காக ஜோசியம் சரி என்று ஆகிவிடாது.

இரண்டாவது கேள்விக்கு மத்தேயு பதில் சொல்லவில்லை. "வேறு வழியாய்த் தங்கள் தேசத்துக்குத் திரும்பிப்போனார்கள்", அவ்வளவுதான். திருமுழுக்கு இல்லை, விசுவாச அறிக்கை இல்லை, பேர்கூட இல்லை. இது போதாது என்று பின்னால் வந்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. தோமா அப்போஸ்தலர் கிழக்கே வந்தபோது அவர்களைக் கண்டுபிடித்துத் திருமுழுக்குக் கொடுத்தார் என்று ஒரு கதை கட்டினார்கள். நல்ல கதை, நம் பக்கமும் கொஞ்சம் உரசிப்போகிறது. நற்செய்தியில் அது இல்லை.

ராசாக்கள் ஆனதும் இப்படித்தான். உன் ஒளியினிடத்துக்கு ராஜாக்கள் வருவார்கள் என்று ஏசாயா 60 சொல்கிறது. ஒட்டகங்களும் பொன்னும் தூபவர்க்கமும் அங்கேதான் இருக்கின்றன. 72-ஆம் சங்கீதத்தில் ராஜாக்கள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். இவற்றை மத்தேயுவோடு சேர்த்து வாசித்தவர்கள் கிரீடம் வைத்துவிட்டார்கள், ஒட்டகமும் கொடுத்துவிட்டார்கள். காணிக்கை மூன்று, ஆகவே ஆள் மூன்று. வைகைக்கரைத் தம்பி, பிள்ளைகளிடம் குடில் தப்பு என்று சொல்ல வேண்டாம். மாடும் கழுதையும்கூட நற்செய்தியில் இல்லை, ஏசாயாவின் முதல் அதிகாரத்திலிருந்து வந்தவை. 1223-இல் கிரேச்சியோவில் அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தித்தான் பூசை வைக்கச் சொன்னார்.

மார்த்தாண்டம் பக்கம் (டிசம்பர் 30)

நான் மலங்கரை சுறியானிக் கத்தோலிக்கன். எங்கள் வழிபாட்டில் ஜனவரி 6 அன்று ராசாக்கள் பேச்சு கிடையாது. தனஹா என்போம். யோர்தான் ஆற்றில் இயேசு திருமுழுக்குப் பெற்ற நாள். கோயிலில் தண்ணீர் மந்திரிப்பார்கள், வீட்டுக்கு எடுத்துப்போவோம். எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போனால் இரிஞ்ஞாலக்குடாவில் அதே சமயம் பிண்டிப் பெருநாள். வீட்டு வாசலில் வாழைத்தண்டை நட்டு, அலங்கரித்து, விளக்கு ஏற்றுவார்கள். எத்தியோப்பியாவில் இதுதான் திம்கத், அவர்கள் கணக்கில் ஜனவரி 19. ஊரே தண்ணீரில் இறங்கும்.

கிறிஸ்துமஸ் ராத்திரி எங்களுக்கு நெருப்பும் உண்டு. சிலுவை வடிவில் குழி தோண்டி, முந்தின குருத்தோலை ஞாயிறன்று வாங்கிப்போன ஓலைகளைப் போட்டுக் கொளுத்திச் சுற்றி வருவோம். சாம்பிராணியும் போடுவோம். இடையர்கள் குளிர்காய்ந்த நெருப்பு என்று எங்கள் அப்பச்சன் சொல்வார். சின்ன வயதில் எனக்குக் கிறிஸ்துமஸ் என்றாலே அந்த ஓலைப் புகை நாற்றம்தான், கேக் எல்லாம் பிற்பாடு.

இலத்தீன் முறையிலும் இந்த நினைவு முழுக்கப் போய்விடவில்லை. திருக்காட்சி நாளின் மாலைப் புகழில், நட்சத்திரம் ஞானிகளை அழைத்து வந்தது, கானா ஊர்க் கல்யாணத்தில் தண்ணீர் திராட்சரசமானது, யோர்தானில் கிறிஸ்து திருமுழுக்குப் பெற்றார், இந்த மூன்றும் இந்த நாளில் என்று ஒரே மூச்சில் வரும். மூன்றும் வெளிப்பாடு. பிறந்தார் என்பது ஒன்று, பிறந்தவர் யார் என்று தெரியவந்தது வேறொன்று. முதலாவது, ராத்திரியில் ஆளில்லாத இடத்தில் நடந்து முடிந்துவிடும். இரண்டாவது நடக்க வருஷங்கள் ஆயின. வைகைக்கரை அண்ணனின் "எதற்கு இன்னொரு திருநாள்" என்ற கேள்விக்கு என் பதில் இது.

மேல்வீட்டறை (டிசம்பர் 30)

உபதேசியார் ஐயா சொன்னதில் ஒரு இடம் விட்டுப்போகிறது. நட்சத்திரம் அவர்களை நேரே பெத்லகேமுக்குக் கொண்டுபோகவில்லை. எருசலேமுக்குத்தான் வந்தார்கள். ராஜா என்றால் அரண்மனையில்தான் பிறப்பான் என்று அவர்களாகக் கணக்குப் போட்டு ஏரோதின் வாசலிலே போய் நின்று, "யூதருக்கு ராஜாவாகப் பிறந்திருக்கிறவர் எங்கே?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி பெத்லகேம் பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. மீகா தீர்க்கதரிசியின் வசனத்தை எடுத்து வாசித்த பிறகுதான் ஊர்ப் பெயரே தெரிந்தது. ஆகவே நட்சத்திரம் போதாது, வசனம் வேண்டும். பண்டிகை, பாரம்பரியம், வானம் என்று எதைப் பேசினாலும் கடைசியில் வசனத்துக்குத்தான் வர வேண்டும்.

வைகைக்கரை (டிசம்பர் 30)

இது நல்ல இடம் பிரதர். அதையே இன்னும் ஒரு வரி தள்ளி வாசியுங்கள். வசனத்தை எடுத்துக் கொடுத்தவர்கள் யார்? பிரதான ஆசாரியரும் வேதபாரகரும். ஊர்ப் பெயர், தீர்க்கதரிசனம், எல்லாம் நாக்கு நுனியில். எருசலேமிலிருந்து பெத்லகேம் ஒன்பது, பத்து கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடலாம். ஒருவர்கூடப் போனதாக மத்தேயு எழுதவில்லை. வசனம் தெரியாதவர்கள் மாதக்கணக்கில் நடந்து வந்திருக்கிறார்கள். வசனம் தெரிந்தவர்கள் விலாசம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிற எனக்கு இது சங்கடமான இடம்.

மேல்வீட்டறை (டிசம்பர் 30)

எனக்கும்தான்.

பழைய உபதேசியார் (டிசம்பர் 31)

பெத்லகேம் பிள்ளைகள் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று. டிசம்பர் 28 மாசில்லாக் குழந்தைகள் திருநாள். இந்த வருஷம் அது ஞாயிறாக விழுந்ததால் திருக்குடும்பத் திருநாள் அதை மூடிவிட்டது. அன்றைய நற்செய்தி மத்தேயு 2-இலிருந்துதான். கவனித்தவர்கள் உண்டா? எகிப்துக்கு ஓடியது வரை 15-ஆம் வசனம், அங்கிருந்து ஒரே தாவலாக 19, ஏரோது இறந்துபோனான். இடையிலே இருக்கும் 16, 17, 18-இல்தான் பிள்ளைகள் கொல்லப்படுகிறார்கள், ராகேல் அழுகிறாள். வாசக நூலில் அந்த நாளுக்குப் போட்டிருக்கும் பகுதியே அப்படித்தான். பங்குச்சாமியைக் குறை சொல்லவில்லை.

நினைத்துப் பாருங்கள், அந்த மூன்று வசனம் இல்லாமல் எகிப்துக்கு ஓடியதன் பயங்கரமே புரியாது. திருக்குடும்பம் சுற்றுலா போய்வந்த மாதிரி இருக்கும். 2023-இல் காசாவில் போர் நடந்தபோது பெத்லகேம் சபைகள் கொண்டாட்டங்களை நிறுத்திவிட்டன. அங்குள்ள லூத்தரன் கோயிலில் உடைந்த கான்கிரீட் குவியலுக்கு நடுவே பாலனைக் கிடத்திக் குடில் வைத்தார்கள். படம் உலகம் முழுக்கப் போனது. அதைப் பார்த்த பிறகு வைக்கோலும் சீரியல் விளக்கும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஏரோதையும் சேர்த்துத்தான் மத்தேயு அந்தக் கதையை எழுதினார். குடிலில் ஏரோதுக்கு நாம் இடம் வைப்பதில்லை.

கொலோன் வாசி (ஜனவரி 1, 2026)

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நான் மன்னாரிலிருந்து வந்து ஜெர்மனியில் கொலோன் நகரில் இருக்கிறேன். இங்கே மூன்று ராசாக்களை விட்டு ஊர் இல்லை. நகரச் சின்னத்திலேயே மூன்று கிரீடம். 1164-இல் மிலான் நகரத்தைச் சக்கரவர்த்தி பிரெட்ரிக் தோற்கடித்த பின் அங்கிருந்த எலும்புகளை, ராசாக்களின் எலும்புகள் என்று சொல்லி, இந்த ஊர்ப் பேராயர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்காகத்தான் அவ்வளவு பெரிய பேராலயம் எழும்பினது. உண்மையில் யாருடைய எலும்போ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

அந்த எலும்புகளை வைத்திருக்கும் பொற்பேழையின் முன்பக்கத்தில் மூன்று ராசாக்கள் மாதாவையும் பாலனையும் வணங்குகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நாலாவதாக ஒருவர் நிற்கிறார். ஓட்டோ என்ற ஜெர்மன் ராசா. பேழைக்குத் தங்கம் கொடுத்தவர் அவர்தான், அந்த நேரம் அவருக்கு அரியணைப் போட்டி வேறு. நன்கொடை கொடுத்தவர் பெயரை டியூப்லைட்டில் எழுதும் வழக்கம் எங்களுக்கு மட்டும் இல்லை என்று முதல்முறை பார்த்தபோது சிரித்தேன்.

ஆனால் இங்கே எனக்குப் பிடித்த ஒரு விசயம் உண்டு. ஜனவரி 6-ஐ ஒட்டிய நாட்களில் பங்குப் பிள்ளைகள் கிரீடமும் அங்கியும் போட்டு, தடியில் நட்சத்திரம் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். பாடுவார்கள். பிறகு கதவு நிலையில் சோக்கட்டியால் வருசமும் மூன்று எழுத்தும் எழுதுவார்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார் என்ற பெயர்களின் முதல் எழுத்து என்று சனம் சொல்லும். கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக என்ற இலத்தீன் செபத்தின் முதல் எழுத்துகளும் அவையே. உண்டியல் காசு முழுக்க வேறு நாடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போகும். 1959-இல் இருந்து நடக்கிறது. இதுவரை நூறு கோடி யூரோவுக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

முன்பெல்லாம் மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கு முகத்தில் கரி பூசுவார்கள். கறுப்பு ராசா. இப்போது பல பங்குகள் அதை விட்டுவிட்டன, விட மாட்டோம் என்போரும் இருக்கினம். என் மகள் போன வருசம் போனாள். யாரும் எதுவும் பூசவில்லை. நத்தார் பாட்டுப் பாடினாள், சொக்லேட் ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள்.

வாசலில் நிற்பவள் (ஜனவரி 1)

உபதேசியார் ஐயாவுக்கு நன்றி. அவர்கள் திரும்பிப் போனார்கள், அவ்வளவுதான் எழுதியிருக்கிறது என்று நீங்கள் நேர்மையாகச் சொன்னது எனக்குப் போதும். வருஷா வருஷம் குடில் பார்த்துவிட்டு நானும் என் வீட்டுக்குத்தான் திரும்புகிறேன்.

கொலோன் வாசி சொன்ன உண்டியல் பற்றி ஒரு சந்தேகம். இங்கே கேரல் வருகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதில்லையே, ஏன்? தெருவில் பாட்டுச் சத்தம் கேட்கும், கதவைத் திறந்து நிற்போம், எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த கிறிஸ்தவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

நாசரேத்துக்காரன் (ஜனவரி 2)

அக்கா, உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் கேவலமான பதில். கேரல் பவனிக்குப் பட்டியல் போடும்போது சபை வீடுகளைத்தான் எழுதுவோம். ஒரு ராத்திரியில் இத்தனை வீடு முடிக்க வேண்டும், வேன் வாடகை, டீ, அப்புறம் எந்த வீட்டில் எவ்வளவு காணிக்கை என்ற கணக்கு. உங்கள் வீட்டு வாசலில் நின்று பாடலாம் என்று யாருக்கும் தோன்றாது. சில ஊர்களில் பிரச்சினை வருமோ என்ற பயமும் இப்போது சேர்ந்திருக்கிறது. அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தாண்டிப்போகும் பழக்கம் பயத்துக்கு முந்தினது. திருக்காட்சிக்கு நிருப வாசகம் பவுலின் எபேசியர் 3, புறஜாதியார் உடன்சுதந்தரர் (சம உரிமைக்காரர்) என்ற பகுதி. ஒரு பக்கம் முன்னால் புரட்டினால் "பகையாக நின்ற பிரிவினையாகிய நடுச்சுவரைத் தகர்த்து" என்று இருக்கிறது. எங்கள் ஜில்லாக்காரர்கள் இதை வாசித்தால் வடக்கன்குளம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1872-இல் கட்டின கத்தோலிக்கக் கோயில். இரண்டு சாதிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண வேண்டும் என்பதற்காகக் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கட்டி, பீடத்தைச் சந்திப்பில் வைத்து, நடுவில் சுவர். 1910-இல் கௌசானல் சாமியார் அந்தச் சுவரை இடித்தார். பெரிய கலாட்டா. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், பிரித்து உட்காரும் உரிமை கேட்டவர்கள் தோற்றார்கள். 38 வருஷம் அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் கிறிஸ்துமஸ் நடந்திருக்கிறது. ஜனவரி 6-உம் நடந்திருக்கிறது, எபேசியர் நிருபமும் வாசித்திருப்பார்கள்.

கத்தோலிக்கரைச் சொல்லிவிட்டு எங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் கோயிலுக்குள் சுவர் இல்லை. சேகரத் தேர்தல் நேரத்தில் வந்து பாருங்கள், செங்கல் இல்லாமலே கட்டியிருப்போம்.

மேல்வீட்டறை (ஜனவரி 2)

எங்கள் சபையில் எல்லாரும் ஒரே பாயில்தான் உட்காருகிறோம். கல்யாணப் பேச்சு வரும்போது எழுந்துவிடுகிறோம். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா.

பண்டிகை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. மத்தேயு 2-ஐ ஞாயிறு செய்திக்கு எடுக்கலாம் என்றிருக்கிறேன். தேதி தற்செயலாக ஜனவரி 4.

வைகைக்கரை (ஜனவரி 4)

தற்செயலாகவே இருக்கட்டும் பிரதர்.

இன்று வகுப்பு முடிந்தது. மூன்று ராசாக்களைக் குடிலிலிருந்து எடுத்து, கோயில் வாசல் கதவுப் பக்கம் வைத்துவிட்டு, பிள்ளைகளையே ஒவ்வொரு பத்தியாக வாசிக்க வைத்து நகர்த்திக்கொண்டு வரச் சொன்னேன். எருசலேம் வரும் இடத்தில் ஒரு பையன் ராசாக்களைப் பீடத்துக்குப் பக்கத்தில் சாமியார் நாற்காலியில் வைத்துவிட்டான். ஏன் என்று கேட்டால் "அரண்மனை சார்" என்றான். பங்குச்சாமி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. 16-ஆம் வசனத்தையும் வாசித்தோம். சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று ஒரு அம்மா பிற்பாடு வந்து சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அடுத்த வருஷம் பெரிய வகுப்புக்கு மட்டும் வைப்பேன்.

நாசரேத்துக்காரன் (ஜனவரி 5)

கொலோன் அண்ணன் சொன்ன மாதிரி, கேரல் உண்டியலில் ஒரு பங்கு சபைக்கு வெளியே போக வேண்டும், பவனிப் பட்டியலில் தெருவில் இருக்கும் எல்லா வீடும் வர வேண்டும் (கதவு திறக்காத வீட்டை விட்டுவிடலாம்) என்று சேகரக் கமிட்டியில் பேசப்போகிறேன். இந்த வருஷ உண்டியல் ஏற்கெனவே காம்பவுண்டுச் சுவருக்கு என்று எழுதியாகிவிட்டது.

பழைய உபதேசியார் (ஜனவரி 5)

பேசுங்கள். "நல்ல யோசனை, டிசம்பரில் பார்ப்போம்" என்பார்கள். அதை மினிட்ஸில் எழுத வையுங்கள், இல்லாவிட்டால் டிசம்பரில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

வாசலில் நிற்பவள் (ஜனவரி 5)

எங்கள் வீடு நாசரேத்தில் இல்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். ஒன்பது மணிக்குள் வந்தால் நல்லது. அப்பா மாத்திரை போட்டுவிட்டுத் தூங்கிவிடுவார்.